மூன்று கொட்டேஷன் கேட்டார்கள், தயாரிப்பது ஒரே நிறுவனம்தான்

நான்கு மாதம் அலைந்து, போன வாரம்தான் பெட் வி 1-க்கான மோனோக்ளோனல் ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டிப் பிடிக்கும் மூலக்கூறு) ஜோடி கைக்கு வந்தது. பெட் வி 1 என்பது பர்ச் மரத்து மகரந்தத்தின் முக்கிய ஒவ்வாமைப் புரதம். பர்ச்சும் நம் சவுக்கும் ஃபேகேலிஸ் வரிசையில் வருபவை, அதனால் பர்ச்சுக்கான ஆன்டிபாடி கடலூர் தேவனாம்பட்டினம் சவுக்கு மகரந்தத்தில் எதையாவது பிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் என் ப்ராஜெக்ட். தட்டின் குழிகளில் போடும் எலைசா சோதனை இது, புரதத்தில் இரண்டு ஆன்டிபாடியும் ஒட்டினால் நிறம் வரும்.

மகரந்தம் சேகரித்து, சலித்து, கொழுப்பு நீக்கிச் சாறு எடுத்ததில் சிக்கலே இல்லை. சிக்கல் புதுச்சேரியில், கொள்முதல் பிரிவில்.

"மூணு கொட்டேஷன் எங்கம்மா? எல்லாம் ஆன்டிபாடிதானே, விலை கம்மியா இருக்கறத வாங்க வேண்டியதுதானே?" என்றார் அங்கே ஃபைல் பார்ப்பவர். சார், இது ஒரே செல்லின் வழியில் வந்தது, புரதத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் ஒட்டும், ஒன்று தட்டில் புரதத்தைப் பிடித்துவைக்க வேண்டும், பயோட்டின் சேர்த்த இன்னொன்று வேறு இடத்தில் ஒட்ட வேண்டும், இரண்டும் ஒரே இடத்துக்கு மோதினால் நிறமே வராது என்று நின்றுகொண்டே சொன்னேன். ஃபைல் திரும்பி வந்தது. அடுத்த முறை கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போனால் அவர் லீவு. மூன்றாவது முறை பக்கத்து மேஜை அக்காதான், "பிஏசி வச்சியாம்மா?" என்று கேட்டார். ஒரே நிறுவனம்தான் தயாரிக்கிறது என்று கைடு கையெழுத்திடும் சான்றிதழ், ஒரு பக்கம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நீங்கள் முதல் நாளே வையுங்கள், க்ளோன் (ஆன்டிபாடி தந்த செல் வரிசை) பெயர்களையும் அதில் எழுதுங்கள்.

பார்சல் சனிக்கிழமை மாலை வந்தது. திங்கள்தான் தருவோம் என்றார்கள், விடாமல் உட்கார்ந்து வாங்கினேன், ஜெல் ஐஸ் அதற்குள் தண்ணீர். திங்கள் அல்லது செவ்வாயில் அனுப்பச் சொல்லிவிடுங்கள். அப்புறம், ஜூனியர் அதை ஃப்ரீசரில் வைக்கப் போனான், தடுத்தேன். உறைந்து உருகினால் ஆன்டிபாடி கெடலாம், இதற்கு ஃப்ரிட்ஜ்தான்.

நேற்று பர்ச் ஸ்டாண்டர்டு, அதாவது அளவு தெரிந்த பர்ச் புரதத்தைப் படிப்படியாக நீர்த்து, போட்டேன். குழிக்குக் குழி நீலம் வெளிறிக்கொண்டே போனது, அமிலம் விட்டதும் மஞ்சள், 450 நானோமீட்டர் ஒளியில் அளந்ததில் வளைவு அழகாக வந்தது. கண் கலங்கிவிட்டது.

அடுத்த தட்டு சவுக்கு. நிறம் வராவிட்டால் அந்த இரண்டு ஒட்டும் இடங்களும் சேர்ந்து சவுக்கில் தென்படவில்லை என்று மட்டும்தான் எழுதுவேன். சவுக்கில் ஒவ்வாமைப் புரதமே இல்லை என்று எழுத இந்த ஜோடி போதாது.