கறுப்பு வண்டி: தை மாதக் குறிப்புகள்

ஜனவரி 18, வியாழன்

பாலிஷ் இயந்திரம் மாலை நான்கு மணிக்கு வந்து சேர்ந்தது. ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு ஒரு கார் முழுவதையும் எப்படித் தேய்க்கப் போகிறேன் என்ற கவலை பெட்டியைப் பிரிக்கும்போதே தொடங்கிவிட்டது. பட்டறைகளில் இருக்கும் ரோட்டரி வகையை வாங்காமல், சுழன்றபடியே 15 மில்லிமீட்டர் வீச்சில் அலையவும் செய்யும் டிஏ (டூயல் ஆக்‌ஷன்) வகையை வாங்கியதற்குப் பயத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. ரோட்டரியை எவ்வளவு அழுத்தினாலும் அதன் பேடு, அதாவது தேய்க்கும் மெத்தை வட்டு, சுழன்றுகொண்டேதான் இருக்கும், ஓரிடத்தில் சற்றுத் தாமதித்தால் பெயின்ட் சூடேறிக் கருகிவிடும். டிஏ வகையோ, அளவுக்கு மீறி அழுத்தப்பட்டால் சுழல்வதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிர்ந்துகொண்டிருக்கும்.

அப்பாவின் ஜன்னல் போர்டிகோவைப் பார்த்து இருக்கிறது. சத்தம் அவரைத் தொந்தரவு செய்யாதா என்று அம்மா கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

ஜனவரி 19, வெள்ளி

இன்று கழுவியது மட்டும்தான். இரண்டு வாளிகள், ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் அழுக்குத் துணியை அலசுவதற்கு வெறும் நீர். எங்கள் ஆழ்குழாய் நீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பொட்டு வைத்துவிடும் என்பதால், ஒவ்வொரு பக்கமாகக் கழுவி, அது உலர்வதற்கு முன்பே மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுத்தேன். பழைய பொட்டுகள் சில நீர் கலந்த வினிகருக்குக் கரைந்தன, சில கரையவில்லை.

இரவில் எல்இடி டார்ச்சை அடித்துப் பார்த்தபோது பானெட் முழுவதும் சிலந்தி வலையாகத் தெரிந்தது. உண்மையில் அவை வட்டக் கீறல்கள் அல்ல. எல்லாத் திசையிலும் ஓடும் நேர்க்கீறல்களில் வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால், விளக்கைச் சுற்றி வட்டமிட்டது போல் தோன்றுகிறது. விளக்கை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்கிறது.

2009 முதல் ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு, ஒரு மஞ்சள் துணியை எடுத்து, வண்டியைத் தண்ணீர் படாமல் அப்படியே துடைப்பது அப்பாவின் வழக்கம். தெருப் புழுதியில் மணல் இருக்கிறது. மணல் இந்தப் பெயின்டைவிடக் கடினமானது. அத்தனை காலைகளின் துடைப்பும் அப்படியே பதிந்திருக்கிறது. கூரையின் நடுவில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குக் கீறலே இல்லை. அங்கே அவருடைய கை எட்டவில்லை.

ஜனவரி 20, சனி

கழுவி முடித்த வண்டியின் மேல், மெல்லிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தால்தான் அதன் உண்மையான சொரசொரப்புத் தெரியும் என்று படித்திருந்தேன். தடவியபோது உப்புத்தாளைத் தொட்டதைப் போலிருந்தது. இரும்பு கரைக்கும் திரவத்தைத் தெளித்த சில நிமிடங்களில் கதவுகளின் கீழ்ப்பகுதி முழுவதும் ஊதா நிறத்தில் வழியத் தொடங்கியது. பொன்மலையில் ரயில் பாதைக்கு இவ்வளவு அருகில் பதினைந்து ஆண்டுகள் நின்ற வண்டியில் இது இருக்கத்தான் செய்யும். பிரேக் பிடிக்கும்போது உதிரும் நுண்ணிய இரும்புத் தூள் காற்றில் வந்து பெயின்டில் பதிந்து அங்கேயே துருப்பிடிக்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, வண்டிக்கு என்ன ஆயிற்று என்று பதறினாள்.

பிறகு, பெயின்டில் பதிந்த துகள்களைப் பற்றியெடுக்கும் களிமண் கட்டி. சோப்பு நீரைத் தெளித்துக்கொண்டே அதை வழுக்க விட வேண்டும். தரையில் விழுந்துவிட்டால் மறுபடி பயன்படுத்தக் கூடாது. இரண்டு முறை விழுந்தது. வாங்கிய கட்டியில் இப்போது கால்வாசிதான் எஞ்சியிருக்கிறது.

பழைய வண்டி வாங்கி விற்கும் நண்பர் பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியைக் கொடுத்து அனுப்பினார். பானெட் 108, 112. கூரை 115. இடப்பக்கக் கதவுகள் இரண்டும் 104 முதல் 110 மைக்ரான் வரை. பம்பர்கள் பிளாஸ்டிக் என்பதால் அங்கே கருவி பேசாது. வலது பின் கதவு 342.

மறுபடி வைத்துப் பார்த்தேன். 338. கொஞ்சம் கீழே 351.

ஜனவரி 21, ஞாயிறு

அடுத்த ஞாயிறு வண்டியை வாங்குபவர்கள் வருகிறார்கள். இன்னும் ஏழு நாள் இருக்கிறது.

முதலில் ஒரு சோதனைச் சதுரம். எளிதில் கண்ணில் படாத இடமாக, டிக்கிக் கதவின் கீழ்ப்பகுதியில் இரண்டடிக்கு இரண்டடி மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டேன். மிக மென்மையான பேடு, மிக மென்மையான பாலிஷ் ஆகியவற்றில் தொடங்கி, அவை போதாவிட்டால் மட்டுமே கடுமையானவற்றுக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. காரணம் எளிது. பாலிஷ் செய்வது கீறலை நிரப்புவதல்ல, கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டை, அதாவது நிறத்துக்கு மேலிருக்கும் நிறமற்ற பூச்சை, இறக்குவது. பிரைமர், நிறம், கிளியர் கோட் மூன்றும் சேர்ந்த 110 மைக்ரானில் கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ நாற்பது இருக்கலாம், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. வெயிலைத் தாங்குவது அதுதான். ஒவ்வொரு தேய்ப்பிலும் ஓரிரு மைக்ரான் போய்விடும். போனது திரும்பி வராது.

முதல் தவற்றை முதல் நொடியிலேயே செய்தேன். பேடை வண்டியின் மேல் வைத்து, குறைந்த வேகத்தில் பாலிஷ் மருந்தைப் பரப்பிய பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். நான் காற்றில் பிடித்தபடியே விசையை அழுத்திவிட்டேன். சுவர், துளசி மாடம், என் சட்டை, அம்மா காய வைத்திருந்த வடகம் என்று எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் புள்ளிகள். உள்ளேயிருந்து ஜன்னல் கம்பியில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் சிரித்தாரா என்பதைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது தவறு தாமதமாகத்தான் புரிந்தது. நான்கு முறை தேய்த்தும் ஒரு கீறல்கூடப் போகவில்லை. பேடுக்குப் பின்னாலிருக்கும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பார்த்தபோது அந்தக் கோடு நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. நான் கொடுத்த அழுத்தத்தில் பேடு சுழலவே இல்லை. பேடைத் தட்டையாகப் பிடித்து, பாரத்தைக் குறைத்து, நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்தாமல், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடும்படி நெடுக்கிலும் குறுக்கிலுமாகப் போனேன். கோடு சுற்றியது. என் கைவேகம் இதுவரை எத்தனை மடங்கு அதிகமாக இருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கோலம் போடுகிற நிதானம் வேண்டும். நான் பெருக்குகிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன்.

நடுத்தரப் பேடுக்கு மாறிய பிறகு முக்கால்வாசி வலை மறைந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்ததும் அதில் கொஞ்சம் திரும்பி வந்தது. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறல்களை மூடி ஏமாற்றியிருக்கிறது.

ஜனவரி 22, திங்கள்

அதிர்வின் மிச்சம் விரல்களில் இன்னும் இருப்பதால், காலையில் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக் காபி குடித்தேன். எதிரே அப்பாவும் அப்படித்தான் குடித்தார்.

ஜனவரி 23, செவ்வாய்

பானெட். பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணி முதல் மின்சாரம் இருக்காது என்று அறிவித்திருந்ததால் ஐந்தரைக்கே தொடங்கினேன். அது நல்லதாகவும் போயிற்று. தகடு குளிர்ந்திருக்கும்போது மருந்து சீக்கிரம் காய்வதில்லை. நேற்று மாலை, வெயிலில் நின்ற சூடு தணியாத ஃபெண்டரில் முயன்றபோது அது பொடியாகிப் பேடிலேயே கட்டிப்போனது.

நான்கு துளிகள், பட்டாணி அளவில். அதற்கு மேல் ஊற்றினால் பேடு வழுக்குமே தவிர வெட்டாது. ஒரு சதுரம் முடிந்ததும் பேடைப் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், இரண்டு மூன்று சதுரங்களுக்கு ஒரு முறை வேறு பேடுக்கு மாற வேண்டும். இதைச் சோம்பேறித்தனத்தால் தவிர்த்தேன், பழைய பாலிஷும் உரிந்த பெயின்டும் பேடில் அடைத்துக்கொண்டு புதிய மங்கலை உண்டாக்கின. பானெட்டின் மடிப்பு விளிம்புகளில் பெயின்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும் என்பதால் அங்கே டேப் ஒட்டியிருந்தேன். வைப்பர் அடியிலுள்ள கறுப்புப் பிளாஸ்டிக்குக்கு ஒட்ட மறந்துவிட்டேன். அதில் ஏறிய வெள்ளைக் கறையைப் பழைய பல்துலக்கியால் ஒரு மணி நேரம் தேய்த்தும் முழுவதாகப் போகவில்லை.

எட்டு ஐம்பதுக்குக் கடைசிச் சதுரத்தைத் துடைத்து நிமிர்ந்தபோது, பானெட்டில் தென்னை மரம் ஓலை ஓலையாகத் தெரிந்தது. இருபத்து மூன்று நாட்களாக இந்த வீட்டில் எனக்குக் கிடைக்காத மகிழ்ச்சி அது, மிகையில்லை.

வலது பின் கதவை இன்னும் தொடவில்லை.

ஜனவரி 24, புதன்

கூரையில் பறவை எச்சம் அரித்த தடம் ஒன்று இருக்கிறது. நகத்தை ஓட்டினால் விளிம்பில் தட்டுகிறது. நகம் சிக்கும் கீறலைத் தேய்த்து எடுக்க முயலக் கூடாது, அது கிளியர் கோட்டின் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும். தெரிந்தும் மூன்று முறை தேய்த்தேன். 115 இருந்த இடம் இப்போது 109. தடம் அப்படியே இருக்கிறது. எதற்காக இப்படிச் செய்தேன் என்பதற்கு விடை இல்லை, ஆத்திரம் என்பதைத் தவிர.

விலை முடிந்த பிறகு எதற்கு இந்தப் பாடு, உள்ளே போய் அப்பாவோடு உட்கார் என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னான். அவன் சொல்வது சரி. கூரையின் நடுப்பகுதியைத் தேய்க்கவில்லை. அங்கே தேய்ப்பதற்கு எதுவும் இல்லை.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். இயந்திரத்தைத் தொட வேண்டாம் என்றாள் அம்மா. தொடவில்லை. டார்ச்சோடு மட்டும் அந்தக் கதவின் அருகில் உட்கார்ந்தேன்.

மற்ற கதவுகளில் ஆரஞ்சுத் தோலைப் போன்ற நுண்மேடுகள் சீராக இருக்கின்றன. இதில் அவை பெரிதாகவும் ஒழுங்கற்றும் இருக்கின்றன, ஓரிடத்தில் ஒரு தூசி பெயின்டுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. கதவைத் திறந்தால், உள் விளிம்பில் டேப் ஒட்டிய இடத்தில் பெயின்ட் நேர்க்கோடாக நிற்கிறது. கதவை யாரோ பட்டி போட்டுத் தேய்த்து மறுபடி அடித்திருக்கிறார்கள். யாரோ என்று எழுதுவது பொய்.

2011, இரண்டாம் ஆண்டு விடுமுறை. வண்டியைக் கேட்காமல் எடுத்துப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, வாசலில் வலப்பக்கம் ஒடித்துத் திருப்பினேன். முன்சக்கரங்கள் தாண்டிவிட்டன, பின்சக்கரங்கள் உட்பக்கமாக வெட்டி வரும் என்பது அன்று எனக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லாமல் மறுநாள் விடுதிக்குப் பேருந்து ஏறினேன். அடுத்த விடுமுறையில் வந்து பார்த்தபோது கதவில் ஒன்றுமே இல்லை. அன்று பட்டது இலேசான உராய்வாகத்தான் இருந்திருக்கும் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன். இத்தனை ஆண்டுகளும் அதை நம்பியே இருந்திருக்கிறேன். 342 மைக்ரான் இலேசான உராய்வு அல்ல. வாசல் தூணில் சுண்ணாம்பு உரிந்த இடத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு கறுப்புத் தடம் இன்னும் இருக்கிறது, இன்று பார்த்தேன்.

ஜனவரி 26, வெள்ளி

கருவி காட்டும் எண் பெரிதாக இருப்பதால் தாராளமாகத் தேய்க்கலாம் என்று நினைப்பது இந்த வேலையில் மிக ஆபத்தான கணக்கு. 342 என்பது பட்டி, பிரைமர், பழைய பெயின்ட், புதிய பெயின்ட் எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை. மேலே கிளியர் கோட் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஆகவே மென்மையான பேடோடு, குறைந்த பாரத்தில், ஒரே ஒரு சதுரம் மட்டும்.

இரண்டாவது சுற்றில் பேடைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பேடு கறுத்திருந்தது.

இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சில நிமிடங்கள் நின்றுகொண்டே இருந்தேன். நிறம் பேடில் ஏறினால் இரண்டே காரணங்கள்தான்: ஒன்று, கிளியர் கோட்டைத் துளைத்துவிட்டேன், அல்லது இந்தக் கதவில் கிளியர் கோட்டே அடிக்கப்படவில்லை, பட்டறையில் வெறும் கறுப்பை நேரடியாக அடித்து முடித்திருக்கிறார்கள். துளைத்திருந்தால் அந்த இடம் மங்கி, அதைச் சுற்றி ஒரு விளிம்பு வளையமாகத் தெரியும். ஆல்கஹாலால் துடைத்து, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் டார்ச்சைச் சாய்த்துத் தேடினேன். வளையம் இல்லை, சதுரம் முழுவதும் ஒரே பளபளப்பு. டேப்புக்கு வெளியே, நான் தொடாத ஓர் ஓரத்தில், பாலிஷ் தொட்ட துணியைக் கையாலேயே இலேசாகத் தேய்த்தேன். துணியும் கறுத்தது. அப்படியென்றால் கிளியர் கோட் தொடக்கத்திலிருந்தே இல்லை.

கரண்டிச் சத்தம் கேட்டது. நாற்காலியை அம்மா ஜன்னலோரம் தள்ளி வைத்திருந்தாள். அப்பா இடக்கையால் கதவைக் காட்டி ஏதோ சொன்னார். நான் அருகில் போய், மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் சொன்னார். "பட்டி" என்றாரா, "பாத்து" என்றாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் புரியவில்லை என்றாள், ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கதவு முழுவதையும் மென்பேடால் ஒரே ஒரு சுற்று முடித்தேன். தூசி அடைபட்ட புள்ளியை விட்டுவிட்டேன்.

ஜனவரி 27, சனி

மெழுகு பூசியாயிற்று. கார்னோபா, பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. நம் வெயிலில் சில வாரங்களுக்கு மேல் நிற்காது. அதற்குப் பிறகு யார் பூசுவார்களோ.

இனி வறண்ட துணியால் துடைக்கக் கூடாது என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டும். மஞ்சள் துணியைக் குப்பையில் போடவில்லை, அது டிக்கியில் ஸ்டெப்னிக்கு மேல் கிடக்கிறது, எடுத்து வைக்க வேண்டும். பின் பம்பரின் வலது மூலை ஒன்று மிச்சம். பேடுகள் இன்னும் காயவில்லை. காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன், அப்பாவும் எழுப்பச் சொல்லிச் சைகை காட்டினார்.