அவன் தூங்கும்போது

ஜூன் 12
இன்றும் படுக்கையை நனைத்துவிட்டான். விரிப்பைத் தானே சுருட்டித் துணிக்கூடையின் அடியில் ஒளித்துவிட்டுப் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சாமர்த்தியம் எதற்கு?

ஜூன் 13
"நாலு அதட்டல் போட்டால் நின்றுவிடும்" என்கிறார் அத்தை. தூங்குகிறவனை எப்படி அதட்டுவது?

ஜூன் 17
மருத்துவர் முதலில் கேட்டது மலத்தைப் பற்றி. கெட்டியாகப் போகிறதா, நாள் தவறுகிறதா? குடலில் தேங்கும் மலம் சிறுநீர்ப்பையை அழுத்துமாம். குறட்டை விடுகிறானா என்றும் கேட்டார். நடுவில் ஆறு மாதமாவது நின்றிருந்து மறுபடி தொடங்கியிருந்தால் சர்க்கரை, தொற்று, மனக்கலக்கம் என்று தேட வேண்டுமாம். இவனுக்குப் பிறந்ததிலிருந்தே நின்றதில்லை. இரவில் சிறுநீர்ச் சுரப்பைக் குறைக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் சில பிள்ளைகளுக்குப் போதாது. பை நிரம்பினாலும் தூக்கம் கலையாது. சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வர ஏறக்குறைய 44 சதவீதம் வாய்ப்பு, இருவருக்கும் என்றால் 77. இவன் அப்பா சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 18
சர்க்கரை இல்லை. தொற்றும் இல்லை. முருகா!

ஜூன் 21
விளக்கணைத்த பிறகு சொன்னார். பத்து வயதுவரை இவருக்கும் இருந்ததாம். கரண்டியைக் காய்ச்சித் தொடையில் வைத்தார்களாம். வெந்நீர் கொட்டிய தழும்பு என்றுதான் இத்தனை வருடமும் என்னிடம் சொல்லியிருக்கிறார். "சூடு போட்டும் நிற்கவில்லை. ஒளிக்கத்தான் கற்றுக்கொண்டேன்."

ஜூன் 22
அத்தையிடம் பேசப் பிடிக்கவில்லை.

ஜூலை 3
அலாரம் வந்துவிட்டது. உள்ளாடையில் ஒரு துளி பட்டாலே அலறுகிறது. நாங்கள் எழுந்தோம், எதிர்வீட்டு நாய் எழுந்தது, அவன் அசையவில்லை. முதல் வாரங்களில் நாம்தான் எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். ஒவ்வொரு முறையும் இவர்தான் எழுந்து போகிறார். நான் கேட்கவில்லை.

ஜூலை 9
மலம் இளகியிருக்கிறது. பகலில் நிறையத் தண்ணீர், மாலைக்கு மேல் குறைவு.

ஜூலை 15
ஆகஸ்டில் சாரணர் முகாம், இரண்டு இரவு. வரவில்லை என்று தானே சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அடுப்படியில் நின்று அழுதேன்.

ஜூலை 16
முகாமுக்கு, இரவில் சிறுநீர்ச் சுரப்பைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மாத்திரை கொடுக்கலாமாம், முதலில் வீட்டில் கொடுத்துப் பார்த்துவிட்டு. ஆனால் போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து விடியும்வரை தண்ணீரை அடக்க வேண்டும். நிறையக் குடித்துவிட்டால் இரத்தத்தில் சோடியம் இறங்கும், வலிப்புகூட வரலாம். கூடாரத்தில் யாராவது பாட்டிலை நீட்டினால்? ஆசிரியரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் எத்தனை பேர் காதுக்குப் போகும்?

ஜூலை 21
காய்ந்திருந்தது. அத்தைதான் முதலில் தொட்டுப் பார்த்தார். முகாமுக்குப் பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள்.