காற்று எந்தப் பக்கம்? கோவைக் குளங்களில் பறவைப் படம் எடுத்துப் பார்த்த அனுபவம்

கேமரா என்ன என்று கேட்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிக்கான் டி7200, பழையதாக வாங்கியது, கூடவே அதே கம்பெனியின் 200-500 மி.மீ. லென்ஸ். இந்த கேமராவின் சென்சார் சின்னது என்பதால் 500 வைத்தால் 750 அளவுக்குக் கிட்டத்தில் காட்டும். லென்ஸ் மட்டும் 2.3 கிலோ. நொடிக்கு 6 படம் எடுக்கும், இப்போது வருகிற கேமராக்கள் போல பறவையின் கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்காது. போன ஆடியிலிருந்து இந்தத் தை வரை இதே கேமராவும் இதே லென்ஸும்தான், ஆனால் ஆடிக்கு முன்னால் எடுத்த படங்களையும் இப்போது எடுப்பவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு ஆள் எடுத்தது போல இருக்கிறது. பழைய படங்களில் பாதிக்கு மேல் பறவையின் வாலும் முதுகும்தான். இப்போது முகம் கிடைக்கிறது, கண்ணில் ஒளிப்புள்ளி கிடைக்கிறது, இரண்டு சிறகும் விரிந்து நேராக வருகிறது. இதற்கு வழி காட்டியவர் உக்கடம் பெரியகுளத்தில் பரிசலில் போய் வலை போடும் ஒரு பெரியவர்.

கூழைக்கடாக் கூட்டம் ஒன்று குளத்தின் நடுவில் இருந்தது. எழும்பும்போது எடுக்கலாம் என்று காத்திருந்தேன். பரிசலைக் கரையில் கவிழ்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "அது காத்துக்கு எதிர்க்கத்தானுங்க தம்பி ஏறும். நீங்க அந்தக் கரைக்குப் போய் நில்லுங்க, மொகம் தெரியும்" என்றார். "எப்பவுமேங்களா அண்ணா?" என்று கேட்டேன். "பொணம் கனம் கனக்குற பட்சி, காத்து தூக்கிவிடாம எப்படிங்க ஏறும்?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

விஷயம் எளிதுதான். பறவையின் சிறகுக்கு மேல் காற்று எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு தூக்கு விசை. எதிர்க்காற்று இருந்தால் அந்த வேகத்தில் ஒரு பங்கு இலவசமாகக் கிடைத்துவிடும், அதனால் கூழைக்கடா, நாரை, வாத்து எல்லாமே காற்றைப் பார்த்தபடிதான் எழும்பும், இறங்கும்போதும் அப்படியேதான், ஏனென்றால் எதிர்க்காற்று வேகத்தைக் குறைத்துக் கொடுக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைகூடப் பெரும்பாலும் காற்றைப் பார்த்துத்தான் உட்காரும், பின்னாலிருந்து காற்றடித்தால் இறகு கலைந்துவிடும். ஆக, காற்று என் முதுகில் பட்டால் பறவையின் முகம் என் பக்கம். காற்று என் முகத்தில் பட்டால் எனக்கு வால்தான். படம் எடுப்பவருக்கு இன்னொன்றும் முதுகில் பட வேண்டும், வெயில். இரண்டும் ஒரே பக்கம் சேர்கிற நேரம் எது, இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த சில மாதங்களாக நான் செய்த வேலை.

இதில் கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம் இருக்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுப்போன இடம் பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் அந்த வாசல் வழியாக மேற்குக் காற்று கொட்டும், குடையை விரித்துப் பிடிக்க முடியாது. ஐப்பசிக்குப் பிறகு திசை மாறி கிழக்கு, வடகிழக்கிலிருந்து அடிக்கும். வேறு ஊர்களில் காற்று அன்றன்றைக்கு ஒரு திசையில் அலையலாம், இங்கே சீசனுக்கு ஒரு திசை என்று கிட்டத்தட்ட நம்பியே இருக்கலாம். அதனால் கணக்கு இப்படி வருகிறது: மார்கழி, தையில் காலை நேரம், குளத்தின் கிழக்குக் கரை. வெயிலும் முதுகில், காற்றும் முதுகில். ஆடியில் சாயங்காலம், மேற்குக் கரை. மேகம் விலகி மஞ்சள் வெயில் வந்தால் போதும், வெயிலும் காற்றும் மறுபடி ஒரே பக்கம். ஆடியில் காலை ஆறு மணிக்கு எழுந்து ஓடுவதை நான் நிறுத்திவிட்டேன், மாலைதான் போகிறேன்.

காற்றின் திசை தெரியாமல் போனால் குளமே சொல்லும். ஆகாயத்தாமரை எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பாருங்கள். மார்கழியில் மேற்குப் பக்கம் கிடக்கும், ஆடியில் கிழக்கே ஒதுங்கும். காற்று விழுகிற இடத்தில் தண்ணீர் சுருங்கி நடுங்கும், கரை மறைவில் கண்ணாடி மாதிரி இருக்கும், பிம்பத்தோடு படம் வேண்டுமென்றால் அந்தக் கண்ணாடிப் பக்கம்தான். பட்ட மரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நீர்க்காகங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருந்தால் வேறு எதுவும் பார்க்கவே தேவையில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. நீலத்தில் மின்னும் வெண்மார்பு மீன்கொத்தியைத்தான் எல்லோரும் தேடுவார்கள், அது கம்பியிலோ கிளையிலோ உட்கார்ந்து காத்திருந்து பாயும். இது அந்தரத்தில் நின்று தேடும். தண்ணீருக்கு மேலே வந்து நின்று, அலகைக் கீழே கவிழ்த்து, சிறகை வேகவேகமாக அடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். அப்போது அது பார்ப்பது எதிர்க்காற்றை. கிழக்குக் கரையில் நான் இருந்தால் அது என்னைப் பார்த்து நிற்கிறது என்று அர்த்தம். கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: சிறகும் வாலும் உடம்பும் ஆடிக்கொண்டே இருக்க, தலை மட்டும் ஆணி அடித்தது போல ஒரே இடத்தில் நிற்கிறது. அடுத்தடுத்து எடுத்த படங்களில் உடம்பு சாய்கிறது, வால் விசிறியாகி மடங்குகிறது, கண் நகரவில்லை. மீன் எங்கே என்று குறி பார்க்கிற கண் ஆடக்கூடாது இல்லையா. இதனால் படம் எடுப்பவருக்கு ஒரு லாபம் உண்டு, 1/500 நொடியில் எடுத்தாலும் தலை கூர்மையாக வந்து சிறகு மட்டும் புகை போல விரியும். 1/2500 வைத்தால் ஒவ்வொரு இறகும் நிற்கும். எனக்கு இரண்டும் பிடிக்கும், ஆனால் வேகம் தெரிவது முதல் வகையில்தான்.

ஒரேயடியாகவும் பாயாது. ஓர் உயரத்தில் நிற்கும், கொஞ்சம் இறங்கும், மறுபடி நிற்கும், பிறகுதான் அம்பாக விழும். இரண்டாவது முறை நிற்கும்போதுதான் நான் அழுத்துகிறேன், ஏனென்றால் கீழே இறங்கியதால் பின்னால் வானத்துக்குப் பதில் எதிர்க்கரையின் பச்சை வருகிறது, கருப்பு வெள்ளை அதில் எடுத்துக் காட்டுகிறது. மார்பில் இரண்டு கருப்புப் பட்டை இருந்தால் ஆண், ஒன்று மட்டும் இருந்து நடுவில் விட்டுப்போயிருந்தால் பெண். நேருக்கு நேர் எடுத்தால்தான் இது தெரியும். வால் படங்களாக எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

அப்புறம் வெள்ளைப் பறவைகள். கொக்கு, கரண்டிவாயன் எல்லாம் கேமராவைக் குழப்பும். இருண்ட தண்ணீருக்கு முன்னால் சின்னதாகக் கொக்கு நின்றால், கேமரா தண்ணீரைப் பார்த்து 'இருட்டாக இருக்கிறது' என்று வெளிச்சத்தை ஏற்றிவிடும், கொக்கு வெள்ளைக் காகிதத் துண்டாகிவிடும். அதற்கு ஒரு ஸ்டாப் வரை, அதாவது பாதி வெளிச்சம் வரை, குறைத்து வைக்க வேண்டும். அதே கொக்கு படச்சட்டம் முழுக்க நிறைந்தாலோ, பின்னால் வெளுத்த வானம் இருந்தாலோ தலைகீழ், கேமரா தானாக இருட்டாக்கும், அப்போது ஏற்றி வைக்க வேண்டும். நான் இப்போது மேனுவலில் ஷட்டர் வேகமும் லென்ஸ் துவாரமும் பூட்டிவிட்டு, ஒளியை எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்கிற ஐ.எஸ்.ஓ.வை மட்டும் தானியங்கியில் விட்டு, வெளிச்சத்தை ஏற்றி இறக்கி ஈடுசெய்யும் பொத்தானில் விரலை வைத்தே நடக்கிறேன். வெளுத்துப்போன இடம் திரையில் மினுக்கும் வசதியைப் போட்டு வைத்துக்கொள்வது ரொம்ப உதவி.

வெள்ளையைக் காப்பாற்றுவதில் அழகு மட்டும் இல்லை, அடையாளமும் இருக்கிறது. பெரிய வெள்ளைக் கொக்கையும் நடுத்தர வெள்ளைக் கொக்கையும் தூரத்தில் தனியாகப் பார்த்தால் குழம்பும். அலகு பிளக்கும் கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரம். முகம் வெளுத்துப்போன படத்தில் அந்தக் கோடு இருக்காது. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் நானும் சேர்ந்துகொண்டேன், ஓர் இடத்தில் 15 நிமிடமாவது நின்று பார்த்ததை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில் பட்டியலாகப் போடுவது. சந்தேகமான கொக்குகளை வீட்டுக்கு வந்து படத்தில் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் பிரித்தேன். படம் ஆல்பத்தில் தூங்காமல் ஒரு பதிவுக்குச் சாட்சியாக நிற்பது எனக்கு உண்மையிலேயே பெரிய சந்தோஷம்.

ஒன்பது மணிக்கு மேல் என்ன செய்தாலும் தூரத்துப் படங்கள் மங்கலாக வரும். லென்ஸ் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். கரையும் தண்ணீரும் ஒரே அளவில் சூடாவதில்லை, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து நடுங்கும், தார் ரோட்டில் கானல் தெரிகிறதே அதேதான். லென்ஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு அதிகமாகத் தெரியும். இதற்கு மருந்து கிடையாது. கிட்டத்தில் உள்ள பறவையை எடுக்கலாம், இல்லை டீ குடிக்கப் போகலாம்.

மார்கழி மாலைகளில் கணக்கு உடைந்துவிடும். வெயில் மேற்கிலிருந்து, காற்று கிழக்கிலிருந்து. மேற்குக் கரையில் நின்றால் வெளிச்சம் அருமை, ஆனால் எல்லாம் என் தலைக்கு மேலாகப் பின்னாலிருந்து வந்து முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கும். அதனால் மாலையிலும் கிழக்குக் கரையிலேயே நின்று சூரியனுக்கு எதிராக எடுத்துப் பார்த்தேன். முகம் என் பக்கம், ஒளி அதன் பின்னால். சங்குவளை நாரை இறங்கும்போது சிறகை விரித்தால் வெயில் இறகை ஊடுருவி, உள்ளே ஒவ்வொரு தண்டும் தனித்தனியாகத் தெரிகிறது, ஓரமெல்லாம் பொன்கோடு. பறவைக்குப் பின்னால் மரநிழல் இருட்டாக இருந்தால்தான் அந்தக் கோடு எழும்பும், வானம் இருந்தால் வெறும் நிழலுருவம்தான். சிங்காநல்லூர் குளம் இதற்கு நன்றாக இருக்கிறது, மரம் அடர்ந்த கரை பின்னணிக்குக் கிடைக்கிறது.

காற்றே இல்லாத நாட்களில் பஞ்சுருட்டானைத் தேடிப் போகிறேன். அது ஒரு கிளையைப் பிடித்துவிட்டால் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே கிளைக்குத்தான் திரும்பி வரும், அதனால் பறவையைத் துரத்தாமல் கிளைக்கு ஃபோகஸ் வைத்துக் காத்திருக்கலாம். தேனீயைப் பிடித்தால் உடனே விழுங்காது, கிளையில் அடித்து அடித்து, கொடுக்கைத் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கும். அந்தத் தூக்கிப் போடும் நொடி எனக்கு இன்னும் சரியாக அமையவில்லை. தேனீ கூர்மையாக இருந்தால் அலகு வெட்டுப்பட்டிருக்கும், அலகு இருந்தால் தேனீ இல்லை.

நான் சில விஷயங்களைச் செய்வதில்லை, புதிதாகத் தொடங்குகிறவர்களும் செய்ய வேண்டாம் என்று கெஞ்சியே கேட்பேன். பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தைக் கல்லெறிந்து, கைதட்டி எழுப்புவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஊசிவால் வாத்து ஆசியாவின் வடகோடியிலிருந்து இமயம் தாண்டி வருகிறது, திரும்பிப் போகத் தேவையான கொழுப்பை இங்கே இந்தச் சில மாதங்களில்தான் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறது. செல்போனில் கூவலைப் போட்டு வரவழைப்பதும் வேண்டாம், தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நம்பி இரை தேடுவதை விட்டுவிட்டு வந்து நிற்கும். கூடு இருக்கும் இடத்தின் படத்தைப் போட்டாலும் இடத்தைச் சொல்லாதீர்கள், கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கவே நிற்காதீர்கள், நாம் நிற்கிற நேரத்தில் தாய் திரும்பி வராமல் போனால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். காற்றின் திசை தெரிந்துவிட்டால் எழுப்ப வேண்டிய அவசியமே வராது, அதுவாக எழும்பும்போது எந்தப் பக்கம் வரும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும்.

மா. கிருஷ்ணனை இந்த நேரத்தில் நினைத்துக்கொள்கிறேன். 1912-இல் பிறந்து 1996 வரை வாழ்ந்தவர், தமிழிலும் இயற்கை பற்றி எழுதியவர், பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைக் கட்டி, கருப்பு வெள்ளை ஃபிலிமில் காட்டு விலங்குகளை எடுத்தார். எடுத்தது சரியா என்று ஃபிலிமைக் கழுவும்வரை தெரியாது. பொத்தானை அழுத்துவதற்கு முன்பே எல்லாம் தெரிந்திருந்தால்தான் அப்படி எடுக்க முடியும்.

அடுத்து வருகிற ஆடிக்கு ஒன்று பாக்கி வைத்திருக்கிறேன். சூலூர்ப் பக்கம் வெட்டவெளியில் கருந்தோள் பருந்து அந்தரத்தில் நின்று எலி தேடும், அதுவும் மீன்கொத்தி போலவே காற்றைப் பார்த்துத்தான் நிற்கும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் சிறகை அதிகம் அடிக்காமலே நிற்கிறது, வேகத்தைக் குறைத்து 1/800-இல் எடுத்தாலும் போதும் என்று நினைக்கிறேன். மேற்கே மறைவாக உட்கார ஒரு வேலமரம் பார்த்து வைத்திருக்கிறேன், மாலை நாலரைக்கு மேல் அதன் நிழல் எங்கே விழுகிறது என்று மட்டும் ஆனியிலேயே போய்ப் பார்க்க வேண்டும்.