நேவி புளூவில் கறுப்பு நூல்: எங்கள் எட்டு நிமிடப் படத்தின் திட்டக் குறிப்புகள்

முதல் வாரம்

மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்கு எட்டு நிமிடக் குறும்படம் எடுக்க வேண்டும். மற்ற குழுக்கள் பேய்க்கும் திரில்லருக்கும் போய்விட்டார்கள். நாங்கள் ஐந்து பேரும் டிராமா என்று முடிவு செய்தோம். எழுத்தும் இயக்கமும் என் பொறுப்பு.

கதை இதுதான். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தையல்காரர். ஜூன் மாதம், பள்ளிச் சீருடை சீசன். கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது. அறுவைச் சிகிச்சை செய்தால் சில வாரம் மிஷினில் உட்கார முடியாது, சீசன் போய்விடும் என்று தள்ளிப்போடுகிறார். பிளஸ் டூ முடித்த மகள் ராத்திரி அவர் தூங்கிய பிறகு, கோணலாகப் போன தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்து வைக்கிறாள். ஒருநாள் அவருக்கு அது தெரியவருகிறது.

முதல் பிரதி 14 பக்கம் வந்தது. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது கணக்கு. ஆறு பக்கத்தை வெட்டியாக வேண்டும்.

இரண்டாம் வாரம்

வெட்ட உட்கார்ந்தபோதுதான் இந்த வகையின் இலக்கணத்தை ஒழுங்காக யோசித்தேன். சாதாரண மனிதர்கள், பழகிய இடம், அன்றாடத்துக்குள் வரும் ஒரே ஒரு நெருக்கடி, அதில் யாரோ ஒருவர் கொஞ்சம் மாறுவது. இதை வைத்துப் பார்த்தால் என் பிரதியில் இருந்த வட்டிக்காரர் தேவையே இல்லை. அவர் வந்து கத்தியதும் படம் பார்க்கிறவர் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாகிவிடுவார். டிராமாவில் மோதுகிற இரண்டு பக்கமும் நியாயமாக இருக்க வேண்டும். தொழிலை விடாத அப்பாவும் சரி, அவர் மானத்தைக் காப்பாற்றுகிற மகளும் சரி. வட்டிக்காரர் போனார். மாலை போட்ட அம்மா படம், பிளாஷ்பேக், மழை எல்லாம் அவரோடு போயின.

இன்னும் ஒன்பதரைப் பக்கம். கடைசிக் காட்சி மட்டும் இரண்டு பக்கம் இருந்தது. அப்பாவும் மகளும் எல்லாவற்றையும் பேசி அழுகிற காட்சி. அதன் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது, அதனால் கை வைக்கவில்லை.

மூன்றாம் வாரம்

அப்பா வேடத்துக்கு நாடகம் பழகிய ஒருவரைக் கேட்டிருந்தோம். நன்றாக நடித்தார். ஆனால் மிஷினில் கால் வைத்ததும் பொய் தெரிந்துவிட்டது. துணியைத் தள்ளுகிற கையும் மிதிக்கிற காலும் சேரவில்லை. கிளோசப்பில் பாதிப் படம் கைகள்தான். அதனால் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடமே போய்க் கேட்டேன். மூன்று நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

கடைசிக் காட்சியை அவரிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, கையிலிருந்த பேன்ட் பீஸை என் பக்கம் தள்ளினார்.

“இந்தத் தையலத் தடவிப் பாரு தம்பி. ஒருக்கா பிரிச்சுத் தச்ச துணியில பழைய ஊசி ஓட்டை இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, வெரலுக்குத் தெரியும். அவன் பேச மாட்டான். வெரலு அந்த எடத்துல நிக்கும். அவ்வளவுதான்.”

வீட்டுக்கு வந்து இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டேன். இப்போது அந்தக் காட்சி நான்கு வரி. அப்பா கட்டைவிரலால் தையலைத் தடவுகிறார். விரல் நிற்கிறது. மகள் தரையில் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறாள், நிமிரவில்லை. அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து, “பாபின்ல நூல் தீந்துட்டு, நீ மாத்து” என்கிறார். அவள் போய் அந்த ஸ்டூலில் உட்காருகிறாள்.

அதன் பிறகு மற்ற காட்சிகளையும் இதே முறையில் திருத்தினேன். ஒவ்வொரு காட்சியிலும் இவர் சொல்லாமல் விடுவது என்ன, அவள் சொல்லாமல் விடுவது என்ன என்று முதலில் ஓரத்தில் எழுதினேன். வசனத்தைக் கடைசியில்தான் எழுதினேன். ஏழேமுக்கால் பக்கத்தில் நின்றது. இந்த ஆறு வாரத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் இதுதான்.

நான்காம் வாரம்

ஷாட் பிரிப்பு. கடை பத்தடிக்கு எட்டடி. எங்கள் கேமராவின் சென்சார் சிறியது, 50 எம்எம் லென்ஸ் அதில் 75 போல நெருங்கிவிடுகிறது. இரண்டு பேரை ஒரே பிரேமில் வைக்க முடியவில்லை. அகல ஷாட்டுக்குக் கேமராவோடு வந்த கிட் லென்ஸை 18 எம்எம்மில் வைத்துக்கொள்வது, முகத்துக்கும் கைக்கும் மட்டும் 50 என்று முடிவானது.

ஒளிப்பதிவு செய்கிற தோழிக்கும் எனக்கும் கேமரா உயரம் பற்றித்தான் நீண்ட பேச்சு. அப்பா ஸ்டூலில், மகள் தரையில். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓஸு, பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் கீழே கேமராவை வைத்தவர். நம் வீடுகளிலும் பாதி வாழ்க்கை தரையில்தான் நடக்கிறது, ஆனால் நாங்கள் எடுத்த பயிற்சிப் படம் எல்லாம் நிற்கிற ஆளின் உயரத்தில்தான் இருந்தது. இதில் முதல் காட்சி ஸ்டூல் உயரத்தில் தொடங்கும், மகள் நம் பார்வைக்குக் கீழே தெரிவாள். காட்சிக்குக் காட்சி கேமரா இறங்கும். கடைசி ஷாட்டில் கேமரா தரையில். அங்கே பட்டன் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அப்பா.

ஐந்தாம் வாரம்

சோதனைப் படப்பிடிப்பு. மூன்று சிக்கல்கள் வந்தன.

முதலாவது, டியூப் லைட் வெளிச்சத்தில் பிரேம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடியது. ஷட்டர் வேகத்தை 1/60 நொடியில் விட்டிருந்தோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு நூறு தடவை மங்கி எரிகிறது. நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று அதற்குப் பொருந்த மாற்றியதும் பட்டை போய்விட்டது.

இரண்டாவது, மிஷின் ஓடும்போது பேசுகிற எதுவும் கேட்கவில்லை. இப்போது வசனம் எல்லாமே கால் மிதிப்பது நின்ற பிறகுதான் வரும். மிஷின் சத்தத்தைத் தனியாக அரை மணி நேரம் பதிந்துகொண்டோம், ஆளில்லாத கடையின் அமைதியை ஒரு நிமிடம். மிஷின் சட்டென்று நிற்பதே எங்களுக்குப் பின்னணி இசை. வேறு இசை வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அப்பாவின் கண் மங்கியதை முதலில் காட்டுவது நூலில்தான். நேவி புளூ பேன்டுக்குக் கறுப்பு நூலைக் கோத்துவிடுகிறார். புரை விழுந்த கண்ணுக்கு நீலம் மங்கிப்போகும், அதனால் நேவியும் கறுப்பும் ஒன்றாகத் தெரிவது இயல்பு. ஆனால் எங்கள் கேமராவிலும் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது! எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் போகும் வெளிச்சத்தை, கூட்டிப் பார்த்தோம், துணி சாம்பலாகிவிட்டது. மெரூன் துணிக்கு மாறலாமா என்றுகூடப் பேசினோம்.

வழி காட்டியது ஜவுளிக்கடைப் பழக்கம். துணி எடுக்கும்போது நிறம் சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்ப்போம். மகளாக நடிக்கும் தோழி பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சாய்த்துப் பிடித்தாள். பக்கவாட்டில் விழுந்த காலை வெயிலில் நீலம் நீலமாக விரிந்தது, நடுவில் கறுப்புத் தையல் ஒரு கோடாக நின்றது. அவள் திரும்பி உள்ளே அப்பாவைப் பார்க்கிறாள். மூன்று வரி வசனத்தை அந்த நடை தின்றுவிட்டது. திரைக்கதையில் அப்படியே ஏற்றிவிட்டேன்.

ஆறாம் வாரம்

கடை கிழக்குப் பார்த்தது. வெயில் காலை ஏழு முதல் ஒன்பதரை வரைதான் உள்ளே வரும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலையில் வாசல் ஷாட்டுகள், பிறகு பொருட்களின் கிளோசப், இருட்டிய பிறகு மகள் தைக்கிற காட்சிகள். அடுத்த வாரத்துக்குப் போக முடியாது. செவ்வாய்க்கிழமை தெருவில் அம்மன் கோயில் கொடை, ஸ்பீக்கர் கட்டிவிட்டால் சத்தம் பதியவே முடியாது.

ஒரே பேன்ட் தைத்தது, பிரித்தது, திரும்பத் தைத்தது என்று வெவ்வேறு நிலையில் வருவதால் ஆறு பீஸ் தேவை. அண்ணாச்சி மிச்சத் துணியில் வெட்டித் தந்தார், எண் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். இதுவரை செலவு 3,200 ரூபாய், பெரும்பகுதி மைக் வாடகையும் சாப்பாடும்.

நேற்று ஒத்திகையில் விரல் நிற்கிற ஷாட்டுக்கு நான் நான்கு நொடி எழுதியிருந்தேன். அண்ணாச்சி பதினோரு நொடி எடுத்துக்கொண்டார். யாரும் கட் சொல்லவில்லை. பட்டியலில் நான்கை அடித்துப் பதினொன்று என்று எழுதி, அந்த ஏழு நொடிக்காக முதல் காட்சியில் தெருவைக் காட்டும் ஷாட்டை எடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கடை திறக்கிறார்.