திங்கக்கெழம காலைல 6:30

22 ஆகஸ்ட் 2022, திங்கள்

6:15க்கு அலாரம் வச்சு எந்திரிச்சேன். ஆபீஸுக்குக் கூட இப்படி எந்திரிச்சது இல்ல. அமெரிக்கால ஞாயித்துக்கெழம ராத்திரி 9 மணின்னா நமக்கு திங்கக்கெழம காலைல 6:30, அதனால அடுத்த பத்து வாரத்துக்கு இதான் என் பொழப்பு. கேம் ஆஃப் த்ரோன்ஸுக்கு முந்தின கதையா வர்ற ஹவுஸ் ஆஃப் தி டிராகன் சீரிஸ், முதல் எபிசோட்.

பாக்கவே கூடாதுன்னு தான் இருந்தேன். 2019ல கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசி சீசன முடிச்ச லட்சணத்துக்கு, திரும்ப எடுங்கன்னு 15 லட்சம் பேருக்கு மேல பெட்டிஷன்ல கையெழுத்து போட்டாங்க, அதுல நானும் ஒருத்தி. இனி அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கறதில்லன்னு சொன்னவ தான் இன்னைக்கு பல்லு கூட விளக்காம டிவி முன்னாடி உக்காந்திருக்கேன். நான் மட்டும் இல்ல, எட்டாவது சீசன திட்டின அத்தனை பேரும் அங்க தான் இருந்தாங்க, ஹெச்பிஓ மேக்ஸ் ஆப்பே அமெரிக்கால சில பேருக்கு தொங்கிடுச்சாம்.

எபிசோட் நல்லாருந்துச்சு. சொல்லவே கடுப்பா இருக்கு ஆனா நல்லாருந்துச்சு. ராணி ஏம்மாவோட பிரசவத்த மட்டும் என்னால முழுசா பாக்க முடியல. ஆம்பளப் புள்ள வேணும்னு ராஜா விசேரிஸ் தலையாட்டுறாரு, அந்தம்மா வயித்த உசுரோட கிழிக்கறாங்க, அந்தப் பக்கம் குதிரைல ஏறி ஈட்டிச் சண்டை போட்டுட்டு இருக்கானுங்க. காபி எடுத்துட்டு வந்த அம்மா டம்ளர வச்சுட்டு அப்படியே திரும்பிப் போய்ட்டாங்க. மூலக்கதை ஃபயர் அண்ட் பிளட் புக்குல பிரசவத்துல செத்துட்டாங்கன்னு போற போக்குல சொல்லிட்டுப் போயிருப்பாரு அத எழுதின மார்ட்டின், வயித்த கிழிக்கறதெல்லாம் கிடையாது. தேவையா இதுன்னு ஒரு கோஷ்டி, அந்தக் காலத்துல பொம்பளைக்குப் பிரசவம் தான் போர்க்களம், அதத்தான காட்டிருக்காங்கன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டும் சரின்னு படுது.

29 ஆகஸ்ட்

போன வாரம் டைட்டில் மியூசிக் இல்லன்னு ஏங்கினவங்களே இன்னைக்கு அது வந்ததும் கத்துறாங்க. காரணம், ரமின் ஜவாடி புதுசா எதுவும் போடல, பழைய கேம் ஆஃப் த்ரோன்ஸ் மியூசிக்கையே அப்படியே வச்சிட்டாங்க, கல்லுல செதுக்குன ஊர் மேல ரத்தம் ஓடுது, அவ்ளோதான். சோம்பேறித்தனம்னு பாதி பேர், புல்லரிக்குதுன்னு மீதி பேர். எனக்குப் புல்லரிச்சுது.

தம்பியும் சேந்துட்டான். அவன் புக் படிக்கல. நான் 2018ல ஃபயர் அண்ட் பிளட் வந்தப்பவே வாங்கிப் படிச்சேன். இதுல என்ன கஷ்டம்னா யார் யார் எப்ப சாவாங்கன்னு எனக்குத் தெரியும், அவன் ஒவ்வொருத்தனா காட்டி “இவன் செமக்கா, இவன் கடைசி வரைக்கும் வருவான்ல?”ங்கறான். நான் இட்லிய பாத்துட்டே உக்காந்திருக்கேன்.

5 செப்டம்பர்

ஒரு டிராகன் ஷோல விரல் தான் இந்த வாரத்து நியூஸ். விசேரிஸுக்கு விரல் அழுகி எடுத்துருப்பாங்க இல்ல, ஒரு ஷாட்ல அந்த விரல கம்ப்யூட்டர்ல அழிக்க மறந்துட்டாங்க, பச்சைத் துணி அப்படியே தெரியுது. அன்னைக்கு கேம் ஆஃப் த்ரோன்ஸ் சீன்ல மறந்து விட்ட காபி கப், இன்னைக்கு பச்சை விரல்! டேமனா நடிக்கற மேட் ஸ்மித் எபிசோட் பூரா ஒரு வசனம் பேசல, தனியா ஒரு படைக்குள்ள ஓடுறாரு, தம்பி சோஃபா மேல ஏறி நின்னு கை தட்டினான்.

இன்னொரு விஷயம், எரிச்சல் வருது. கோர்லிஸ் வெலாரியனா நடிக்கற ஸ்டீவ் டூசாண்ட் கறுப்பினத்தவர்ங்கறதுக்காக ஷோ வர்றதுக்கு முன்னாடிலருந்தே ஒரு கூட்டம் கரிச்சு கொட்டுது. அவரே சொன்னாரு, பறக்கற டிராகன ஒத்துக்கறாங்க, வெள்ள முடி ஊதாக் கண்ண ஒத்துக்கறாங்க, பணக்காரக் கறுப்பன மட்டும் ஒத்துக்க முடியலன்னு. அதுக்கு மேல நான் சொல்ல என்ன இருக்கு.

12 செப்டம்பர்

இன்னைக்கு வீட்ல பஞ்சாயத்து.

டேமனும் ராஜா பொண்ணு ரெனீராவும் ராத்திரி வேஷம் போட்டு ஊர் சுத்தற எபிசோட். இது எந்த வீட்லயும் அம்மா இருக்கப்ப பாக்கற எபிசோட் இல்ல, நான் ரிமோட்ட கையிலயே வச்சிருந்தேன், அப்படியும் அம்மா கரெக்டா அந்த நேரத்துல வந்து நின்னு “யாருடி இவன்?”ன்னாங்க. அங்கிள்மான்னேன். “அங்கிள்னா? மாமாவா, சித்தப்பாவா?”

வெளிநாட்டு ஃபேன்ஸ் எல்லாம் இதுக்கு ஒரே வார்த்தைய வச்சிக்கிட்டு அடிச்சுக்கறாங்க, அங்கிள் நீஸ், ச்சீ, இல்ல கெமிஸ்ட்ரி அள்ளுது, டார்கேரியன் வம்சமே அப்படித்தான்னு. எங்கம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை பத்தல. அப்பாவோட கூடப்பொறந்த தம்பி, சித்தப்பான்னு சொன்னதும் அம்மா மூஞ்சி போன போக்கு இருக்கே. “தாய்மாமன்னா கூட ஏதோ முறைன்னு சொல்லலாம். சித்தப்பன் அப்பன் ஸ்தானம்டி!” சொல்லிட்டுப் போகல, உக்காந்துட்டாங்க, அதான் விஷயம். அப்புறம் வம்சாவளி கேட்டாங்க. நோட்ல படம் போட்டுக் காட்டினேன். அப்பத்தான் எனக்கே ஒண்ணு உறைச்சுது, செத்துப்போன ஏம்மா, விசேரிஸோட அப்பா கூடப்பொறந்த டேலாவோட பொண்ணு, அதாவது அத்தை பொண்ணு. முறைப்பொண்ணு! அம்மா “அது சரி”ன்னு தலையாட்டினாங்க. நாலு வருஷமா அந்தக் குடும்ப மரத்த பாக்கறேன், எல்லாத்தையும் கசின்னு தான் படிச்சிருக்கேன்.

19 செப்டம்பர்

ரெனீராவுக்கும் லேனோருக்கும் கல்யாணம். லேனோரோட அம்மா ரேனிஸ் விசேரிஸுக்குப் பெரியப்பா பொண்ணு, அப்ப ரெனீராவுக்கு அத்தை, அப்ப லேனோர் அத்தை பையன். அம்மாவுக்கு ஏக சந்தோஷம், கரெக்டான முறைமாப்பிள்ளைன்னு. அந்தப் பையனுக்குப் பொம்பளைங்க மேல நாட்டமே இல்லம்மான்னு தம்பி சொன்னான். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சு, “அப்ப அந்தப் பொண்ணு பாவம். அவனும் பாவம்”னாங்க. ஒரே வரில விமர்சனம் முடிஞ்சுது.

விருந்து நடுவுல ராஜாவோட மெய்க்காவலன் கிறிஸ்டன் கோல் லேனோரோட காதலன மூஞ்சி தெரியாம அடிச்சே கொன்னுட்டான். கல்யாண வீட்ல ஒரு கொலை பண்ணிட்டு அடுத்த எபிசோட்ல அதே மெய்க்காவலன் வெள்ள அங்கிய மாட்டிட்டு நிப்பான் பாருங்கன்னு இப்பவே எழுதி வச்சுக்கலாம். புக்குல அந்தக் காதலன் சாகறது டோர்னமெண்ட்ல, அங்க அடிபட்டா கேள்வி கேக்க முடியாது. இங்க எப்படி விட்டாங்க? ஒரு வசனம் போதும், அதக்கூட வைக்கல. ராஜாவோட ரெண்டாவது பொண்டாட்டி அலிசென்ட் பச்சை டிரஸ்ல உள்ள வந்த இடம் மட்டும் சூப்பர், அந்தப் பச்சை அவங்க அப்பா வீட்டு கோபுரத்துல போருக்கு ஏத்துற வெளக்கோட கலர்.

26 செப்டம்பர்

பத்து வருஷம் தாண்டிடுச்சு. ரெனீராவா நடிச்ச மில்லி ஆல்காக், அலிசென்டா நடிச்ச எமிலி கேரி ரெண்டு பேரும் போய் எம்மா டார்சி, ஒலிவியா குக் வந்தாச்சு. தம்பிக்கு துக்கம். அஞ்சு எபிசோடா பழகின மூஞ்சிய மாத்தினா எப்படின்னு எல்லாரும் பொலம்பல், அது கூட பரவால்ல, இவங்களுக்கெல்லாம் பத்து வருஷம் வயசாச்சு, கிறிஸ்டன் கோலுக்கு மட்டும் ஒரு முடி நரைக்கலியே, என்ன எண்ணெய்டா தேய்க்கறன்னு ஒரே மீம்ஸ்.

3 அக்டோபர்

ஒண்ணுமே தெரில.

நெஜமாவே ஒண்ணுமே தெரில. ஸ்கிரீனெல்லாம் இழுத்து விட்டு, பிரைட்னஸ ஃபுல்லா வச்சு, அப்படியும் கடற்கரைல யார் நிக்கறா யார் பேசறான்னு குத்துமதிப்பா தான் பாத்தேன். பகல்ல ஷூட் பண்ணிட்டு ராத்திரி மாதிரி இருட்டாக்கிருக்காங்க. கம்ப்ளைண்ட் பண்ணவங்களுக்கு ஹெச்பிஓ பதில், வேணும்னே பண்ணதாம், கிரியேட்டிவ் முடிவாம். டைரக்டர் மிகெல் சபோச்னிக். எட்டாவது சீசன்ல இருட்டுல ஒரு போர எடுத்தாரே, அதே ஆளு.

சனிக்கெழம தான் குடும்பத்தோட பொன்னியின் செல்வன் போய்ட்டு வந்தேன், வர்ற வழியெல்லாம் அம்மா நாவல்ல அப்படி இல்ல, இத ஏன் மாத்தினாங்கன்னு ஒரே புலம்பல். இன்னைக்கு நான் லேனோர் புக்குல கத்திக்குத்துல செத்துட்டான், இங்க தப்பிச்சுப் போறான்னு சொல்றேன், அம்மா திரும்பி “உனக்கு வந்தா ரத்தம்”ங்கறாங்க.

ஆனா எனக்கு லேனோர் தப்பிச்சது புடிச்சிருக்கு. ஏன்னா அந்த புக்கே ஒரு பொய்க்கணக்கு. அது நாவல் மாதிரி எழுதினது இல்ல, போர் முடிஞ்சு ரொம்ப காலம் கழிச்சு ஒரு மேஸ்டர், அதாவது அந்த ஊர்ப் பண்டிதர், எழுதற சரித்திரம், அவருக்கு ஆதாரம் ஒரு சாமியாரு, ஒரு பெரிய மேஸ்டரு, அப்புறம் மஷ்ரூம்னு ஒரு அரண்மனைக் கோமாளி. மூணு பேரும் மூணு கதை சொல்லுவாங்க. புக்குல இப்படித்தான் இருக்குன்னு சண்டை போடறவங்கள பாத்தா எனக்கு சிரிப்பு வரும், எந்த புக்குப்பா, கோமாளி சொன்னதா சாமியார் சொன்னதா?

தம்பி இன்னையிலருந்து டீம் கிரீன், அதாவது அலிசென்ட் கட்சி. ரெனீரா கட்சி டீம் பிளாக். காரணம், அலிசென்டோட சின்னப் பையன் ஏமண்ட் ஒரு கண்ண இழந்துட்டு “பரவால்லம்மா, கண்ணு போச்சு, டிராகன் கிடைச்சுது”ங்கற மாதிரி பேசினானே, அது. கண்ண கிழிச்சது ரெனீரா பையன் லூக். அவனும் சின்னப் பையன் தான். நான் ஒண்ணும் சொல்லல.

10 அக்டோபர்

விசேரிஸா நடிக்கற பேடி கன்சிடைன்.

பாதி மூஞ்சி அழுகிப்போன ராஜா, பொண்ணுக்காக, தடி ஊணி அந்த சிம்மாசனம் வரைக்கும் நடக்கறாரு. கிரீடம் விழுது, சண்டை போட்டு வீட்ட விட்டுப் போன தம்பி டேமன் அத எடுத்து தலைல வைக்கறான். அந்தக் கிரீடம் ஷூட்டிங்ல தெரியாம விழுந்ததாம், நல்லாருக்கேன்னு வச்சிட்டாங்க. அம்மா முந்தானைய எடுத்துட்டாங்க. எங்க தாத்தா கடைசி நாள்ல எங்க வீட்டு நெலைக்கதவு வரைக்கும் நடந்து வந்தாரு, அவங்க அதத்தான் நெனச்சாங்கன்னு எனக்குத் தெரியும், நாங்க பேசிக்கல.

புக்குல இருக்கற விசேரிஸ் குண்டா, ஜாலியான மனுஷன், பேரப்பிள்ளைங்களுக்குக் கதை சொல்லிட்டு தூங்கப்போய் தூக்கத்துலயே போய்டுவாரு. உங்க விசேரிஸ் என் விசேரிஸ விட மேலன்னு மார்ட்டினே கன்சிடைன்கிட்ட ஒத்துக்கிட்டாராம்.

17 அக்டோபர்

இன்னைக்கு எனக்குக் கோவம். ராஜா செத்ததும் ரெனீராவ விட்டுட்டு அலிசென்ட் பையனுக்கு முடிசூட்டறாங்க, அங்க ரேனிஸ் டிராகன் மேல ஏறி தரைய ஒடைச்சுட்டு மேல வர்றாங்க, எதிர்ல கிரீன் குடும்பமே வரிசையா நிக்குது, ஒரே ஒரு வார்த்தை, டிராகன நெருப்பு துப்பச் சொல்ற டிராகாரிஸ், கதை முடிஞ்சுது, போர் இல்ல, நான் திங்கக்கெழம தூங்கலாம். அந்தம்மா மொறச்சு பாத்துட்டு பறந்து போய்டறாங்க. புக்குல இந்த சீனே கிடையாது. ஒரு தாய் இன்னொரு தாய கொல்ல மாட்டான்னு சப்பைக்கட்டு கட்டறாங்க சில பேர். சரி. தரை ஒடைஞ்சப்ப கீழ நசுங்கினாங்களே நூத்துக்கணக்குல ஜனம், அதுல தாய் யாரும் இல்லியா? டீம் பிளாக், டீம் கிரீன்னு அடிச்சுக்கறவங்க யாரும் அந்த டீம பத்திப் பேசல.

22 அக்டோபர், சனி

கடைசி எபிசோட் நேத்தே லீக் ஆகிடுச்சு. தம்பி காலேஜ் குரூப்ல ஃபைலே வந்துடுச்சு, பய பாக்கல, போன ஆஃப் பண்ணிட்டு பட்டாசு லிஸ்ட் எழுதிட்டு இருக்கான். திங்கக்கெழம தீபாவளி. அம்மாகிட்ட 6:30க்கு டிவி வேணும்னு பெர்மிஷன் வாங்கியாச்சு, கண்டிஷன், அதுக்கு முன்னாடி எண்ணெய் தேச்சுக் குளிச்சிருக்கணும்.

24 அக்டோபர், தீபாவளி

4:30க்கு எழுப்பிட்டாங்க. எண்ணெய், சீயக்காய், லேகியம், புது டிரஸ். பட்டாசுக்கு காலைல 6லருந்து 7 வரைக்கும் தான் டைம் குடுத்திருக்காங்க, ஷோ 6:30க்கு. தம்பி அரை மணி நேரத்துல பத்தாயிரம் வாலாவ முடிச்சுட்டு மருந்து வாசனையோட வந்து உக்காந்தான்.

டேமன் ரெனீரா கழுத்த நெரிச்ச சீன்ல வெளில ஒரு அணுகுண்டு வெடிச்சு வசனம் கேக்கல, பத்து வாரமா டேமன தலைல தூக்கி வச்சு ஆடினவங்க இன்னைக்கு என்ன சொல்லப்போறாங்களோ.

அப்புறம் மழை, அந்தப் பையன் லூக் தூதுக்குப் போறான், அங்க ஏமண்ட் உக்காந்திருக்கான். அம்மா வடை சட்டிய அடுப்புலருந்து எறக்கி வச்சுட்டு வந்துட்டாங்க. “இந்தப் பெரியவன் அந்தப் பொடியனுக்கு என்ன வேணும்?”

நோட்ட எடுக்க வேண்டியிருக்கல. ரெனீராவுக்கு ஏமண்ட் தம்பி, அம்மா வேற அப்பா ஒண்ணு. லூக் அக்கா பையன்.

“தாய்மாமன்மா”ன்னேன்.

மேகத்துக்கு நடுவுல லூக்கோட சின்ன டிராகன் பயந்து போய் நெருப்பு துப்பிடுது, ஏமண்ட் வேணாம் வேணாம்னு கத்தறான், அவன் ஏறிட்டு வந்த பெரிய டிராகன் வேகார் கேக்கல. ஒரே கடி. ஏமண்டோட மூஞ்சில அந்த ஒத்தக் கண்ணு. எங்க வீட்ல யாரும் பேசல. வெளில மட்டும் சரவெடி.

“காது குத்துறப்ப மடில வச்சிக்க வேண்டியவன்டி அவன்”னாங்க அம்மா. கம்சன் பேர இழுப்பாங்கன்னு நெனச்சேன், இழுக்கல.

தம்பி என்ன பாத்து, “உனக்கு மொதல் வாரமே தெரியுமா?”ன்னான்.

“2018லயே தெரியும்டா.”

“எப்படிக்கா சும்மா இருந்த?”

புக்குல ஏமண்ட் தெரிஞ்சே தான் தொரத்திட்டுப் போவான், இங்க கை மீறிப் போச்சுன்னு மாத்திருக்காங்க, வில்லன மழுப்பிட்டாங்கன்னு இதுக்குள்ள ஆரம்பிச்சிருப்பாங்க, அதையெல்லாம் அவன்கிட்ட சொல்ல வாயெடுத்தேன். அவன் ஷெல்ஃப்லருந்து புக்க எடுத்துட்டு வந்து, எந்தப் பக்கம்னு காட்டுன்னான். தேடிக் குடுத்தேன். சட்டைல மருந்துத்தூளோட நின்னுட்டே படிச்சான், பக்கத்த திருப்பி பாத்தான், மறுபடி முன்னாடி வந்தான்.

“அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு இதுல போடவே இல்லியேக்கா.”

“அங்க யாருடா இருந்தா பாக்கறதுக்கு?”

அம்மா வடை போட உள்ள போய்ட்டாங்க. 7 மணி தாண்டிடுச்சு போல, எங்கயோ ஒண்ணு ரெண்டு தான் வெடிச்சுது.