ஒரே நொடியின் நகல்

கம்ப்யூட்டர் சர்வர்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வந்த முதல் முழுப் பொறுப்பு பேக்கப். இரண்டு ஹோஸ்ட், அதாவது நிஜ சர்வர்கள்; அவற்றின் மேல் மென்பொருளாகவே ஓடும் கம்ப்யூட்டர்களான விர்ச்சுவல் மெஷின் பதினான்கு. எல்லாம் லினக்ஸின் கேவிஎம் மென்பொருளில் ஓடுபவை. மொத்தம் 900 ஜிபி. ராத்திரியில் எந்த மெஷினையும் நிறுத்தக் கூடாது, ஆனால் விடிவதற்குள் எல்லாவற்றின் நகலும் தூரத்தில் இருக்கும் இன்னொரு அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்றார்கள்.

நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட் பத்து வரிதான். முதல் நகலை மட்டும் டிஸ்கில் போட்டுக் கையோடு கொண்டுபோய் வைத்துவிட்டேன். அதன் பிறகு தினமும் ஒவ்வொரு மெஷினின் டிஸ்க் இமேஜையும் (அதன் முழு டிஸ்கும் அடங்கிய பெரிய கோப்பு) ஆர்சிங்க் என்ற கருவி ஒப்பிட்டுப் பார்த்து, மாறியதை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பும். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். காலையில் ஸ்கிரிப்டின் பதிவைப் பார்த்தால் ஒரு பிழையும் இருக்காது. நான்கு மாதம் இப்படியே போனது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோஸ்டின் டிஸ்குகளை இயக்கும் ரெய்டு கன்ட்ரோலர் போய்விட்டது. கணக்குப் பிரிவின் சர்வர் அதில்தான் இருந்தது. நகல் இருக்கிறதே என்ற தைரியத்தில் அந்த அலுவலகத்துச் சர்வரிலேயே அதை எழுப்பினேன். மெஷின் பூட் ஆவதற்கு முன்பே ஃபைல் சிஸ்டம் சோதனை தொடங்கி, இந்த ஐநோடைச் சரிசெய்யவா, அந்த பிளாக்கை விடுவிக்கவா என்று கேட்டுக்கொண்டே போனது. எல்லாவற்றுக்கும் ஆம் கொடுத்துக் கடந்தேன். அதில் ஓடும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் எழவில்லை. அதன் பிழைப் பதிவில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. இந்த டேட்டா பக்கத்தில் பதிந்த கடைசி மாற்றத்தின் வரிசை எண் எதிர்காலத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்காலத்தில் எப்படி இருக்க முடியும்? கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. கணக்கு மெஷினின் இமேஜ் 300 ஜிபி. அதை முழுதும் படித்து ஒப்பிட்டு அனுப்பி முடிக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். கோப்பின் தலைப்பகுதி ஒரு மணிக்கு நகலானது, வால்பகுதி நான்கு மணிக்கு. நடுவில் டேட்டாபேஸ் இரண்டு இடத்திலும் எழுதிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் குறித்துவைக்கும் டேட்டாபேஸின் லாக் முன்னதாக நகலாகிவிட்டது, டேட்டா பக்கங்கள் பின்னால் வந்தன. ஆகவே லாக் அறியாத மாற்றங்கள் பக்கங்களில் இருந்தன.

ஒரு பெரிய கூட்டத்தைப் படம் பிடிக்க, கேமராவை இடமிருந்து வலமாக மூன்று மணி நேரம் நகர்த்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் இருந்தவர் எழுந்து வலது பக்கம் போய் உட்கார்ந்தால் படத்தில் இரண்டு முறை வருவார். வலதிலிருந்து இடதுக்கு வந்தவர் படத்திலேயே இருக்க மாட்டார். நான் நான்கு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தது அப்படிப்பட்ட படங்கள்.

நல்லவேளையாகக் கணக்குப் பிரிவில் வெள்ளிக்கிழமை மாலை எடுத்த எக்ஸ்போர்ட் ஒன்று தனியாக இருந்தது. சனிக்கிழமையின் பதிவுகள் மட்டும் போயின. திங்கட்கிழமை கணக்குப் பிரிவு அக்கா வவுச்சர் கட்டை மேசையில் வைத்து, ஒவ்வொன்றாகப் புரட்டி மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார். "பேக்கப் இருக்குன்னு சொன்னீங்களே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை வாசித்துக்கொடுத்தேன். அந்த மதியத்தை நான் மறக்கவில்லை.

அடுத்த மாதம் முழுக்க ஸ்னாப்ஷாட்டில் போனது. விஷயம் எளிமையானது. ஒரு நொடியில் மூல இமேஜை அப்படியே நிறுத்திவிட்டு, அதற்குப் பின் எழுதப்படுவதை எல்லாம் மேலே ஒரு புதுக் கோப்புக்குத் திருப்பிவிட வேண்டும். மூல இமேஜ் இனி அசையாது, எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். முடிந்ததும் மேல் அடுக்கைக் கீழே கலந்துவிட வேண்டும். உள்ளே ஓடும் மெஷினுக்கு இது எதுவும் தெரியாது.

ஆனால் அந்த நொடி எப்படிப்பட்ட நொடி என்பது தனிக் கேள்வி. வெறும் ஸ்னாப்ஷாட் என்பது மின்சாரம் பட்டென்று போன நிலைக்குச் சமம். இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான டேபிள் வகை), போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ்கள் தங்கள் லாகை வைத்து அதிலிருந்து எழுந்துவிடும். எங்களிடம் ஒரு பழைய வருகைப்பதிவு மென்பொருள் மைஎஸ்க்யூஎல்லின் பழைய வகையான மைஐசாம் டேபிள்களில் ஓடியது. அதற்கு அப்படி ஒரு லாகே கிடையாது. மெஷினுக்குள் கெஸ்ட் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருளைப் போட்டால், அது, ஸ்னாப்ஷாட்டுக்கு முன் ஃபைல் சிஸ்டத்தில் மிச்சமிருப்பதை எழுதி முடித்து உறைய வைக்கும், எடுத்ததும் விடுவிக்கும். விண்டோஸில் இதே வேலையை விஎஸ்எஸ் என்ற சேவை செய்கிறது. அதில் டிஸ்கில் எழுதுவதை 10 நொடிக்கு மேல் பிடித்துவைக்க முடியாது.

ஃபைல் சிஸ்டம் உறைவது டேட்டாபேஸுக்குத் தெரியாது, அதற்குத் தனியாக, உறைவதற்கு முன்னும் பின்னும் ஓடும் ஒரு ஹூக் ஸ்கிரிப்ட் வேண்டும். இங்கே நான் இரண்டு நாள் தடுமாறினேன். டேபிள்களை எழுதி முடித்துப் பூட்டும் கட்டளையை ஸ்கிரிப்டிலிருந்து கொடுத்தேன். பிழை இல்லை, எல்லாம் சரி. ஆனால் சோதனையில் ஒரு டேபிள் உடைந்தே வந்தது. காரணம், அந்தப் பூட்டு கட்டளை கொடுத்த இணைப்போடு கட்டுண்டது. என் ஸ்கிரிப்ட் கட்டளையைக் கொடுத்துவிட்டு வெளியேறியது, இணைப்பு மூடியது, உறைவதற்கு முன்பே பூட்டும் கழன்றது. ஸ்னாப்ஷாட் முடியும்வரை அந்த இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும்படி மாற்றினேன். இப்போது உறைவுக்கும் விடுவிப்புக்கும் நடுவே ஒரு நொடிகூட ஆவதில்லை.

ஒரு நாள் நகலெடுக்கும்போது தூர அலுவலகத்துக்கான லைன் அறுந்து ஸ்கிரிப்ட் நடுவில் செத்தது. மேல் அடுக்கு கலக்கப்படாமல் நின்றுவிட்டது. அடுத்த இரவு அதன் மேல் இன்னொன்று, அதற்கடுத்த இரவு மேலும் ஒன்று. டிஸ்க் நிறைந்த பிறகுதான் கவனித்தோம். நேற்றைய மிச்சம் ஏதாவது இருந்தால் ஸ்கிரிப்ட் தொடங்கவே கூடாது என்பது அன்று சேர்த்த வரி.

அடுத்தது தூரம். எங்கள் லைன் 20 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 20 மெகாபிட். பைட்டில் சொன்னால் நொடிக்கு 2.5 எம்பி. 900 ஜிபியை அப்படியே அனுப்பினால் நான்கு நாளுக்கு மேல் ஆகும். மாறியதை மட்டும் அனுப்ப ஆர்சிங்க் நல்ல கருவிதான், ஆனால் என்ன மாறியது என்று கண்டுபிடிக்கவே இரண்டு பக்கமும் கோப்பு முழுவதையும் படிக்கிறது. கேவிஎம்மோடு சேர்ந்து மெஷினை ஓட்டும் க்யூஇமு, ஓடும்போதே டிஸ்கின் எந்த பிளாக் மாறியது என்று பிட்மேப் என்ற ஒரு பட்டியலில் குறித்து வைக்கும். மெஷின்களை நிர்வகிக்கும் லிப்வெர்ட் மென்பொருளின் 2020-இல் வந்த 6.0 பதிப்பு இதைப் பயன்படுத்தும் பேக்கப் கட்டளையைக் கொடுத்தது. அதற்கு மாறிய பிறகு இரவு வேலை மணிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு வந்தது.

மாறியதை மட்டும் அனுப்பும்போது, மெஷினுக்குள் யார் என்ன செய்கிறார்கள் என்பதும் நம் கவலை ஆகிவிடுகிறது. வழக்கமாக 4 ஜிபி போகும் கோப்பு சர்வர் ஓர் இரவு 70 ஜிபி அனுப்பியது. சிதறிய கோப்புத் துண்டுகளை டிஸ்கில் அடுக்கிவைக்கும் டீஃப்ராக் உள்ளே ஓடியிருக்கிறது. ஒரு கோப்பும் மாறவில்லை, பிளாக்குகள் மட்டும் இடம் மாறின. நினைவகத்திலிருந்து டிஸ்குக்குத் தற்காலிகமாகத் தள்ளப்படும் ஸ்வாப்பும் அப்படித்தான், அதைத் தனி டிஸ்குக்கு மாற்றிப் பேக்கப்பிலிருந்து விலக்கினோம். இன்னொன்றும் செய்தோம். இங்கிருந்து தள்ளுவதை நிறுத்திவிட்டு, அங்கிருக்கும் சர்வர் வந்து இழுத்துக்கொள்ளும்படி வைத்தோம். ஹோஸ்டில் யாராவது புகுந்தாலும், அங்கே போய் நகலை அழிக்க வழியிருக்காது.

இப்போது மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு மெஷினைத் தூர அலுவலகத்தில் எழுப்பிப் பார்க்கிறோம். முதல் தடவை நெட்வொர்க்கைப் பிரிக்காமல் எழுப்பியதில், உயிர்பெற்ற மெயில் மெஷின் வரிசையில் நின்ற பழைய கடிதங்களை வாடிக்கையாளர்களுக்கு இரண்டாம் முறை அனுப்பிவிட்டது. ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கடிதம் போட வேண்டியிருந்தது. வெளியே வழியில்லாத தனி நெட்வொர்க் ஒன்றை அன்றே அமைத்தோம்.

கணக்கு மெஷினின் முறை வரும்போது அக்காவிடம் முதல் நாள் மாலையே சொல்லிவிடுவேன். அவர் கடைசியாக ஏற்றிய வவுச்சரின் எண்ணையும் தொகையையும் ஒரு சீட்டில் எழுதி, மடித்துக் கொடுப்பார். காலையில் தூர அலுவலகத்தில் இருக்கும் தம்பி மெஷினை எழுப்பிப் போனில் கடைசிப் பதிவை வாசிப்பார். அதற்குப் பிறகுதான் சீட்டைப் பிரிப்பேன். போன மாதம் அக்காவும் வந்து பக்கத்தில் நின்றார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். தம்பி எண்ணை வாசித்தார், தொகையை வாசித்தார். அக்கா சீட்டை என் கையிலிருந்து வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி" என்று சொல்லித் தன் இடத்துக்குப் போனார்.