22 செகண்ட் கிளிப்புக்கு வந்த கிளைம், ஒருவழியா எடுத்துட்டாங்க

ஒரு பழைய படத்தோட எடிட்டிங் பத்தி 14 நிமிஷ வீடியோ போட்டேன், யூடியூப்ல ஏத்தி அரை மணி நேரம்கூட ஆகல, கன்டென்ட் ஐடி கிளைம் (மத்தவங்க படம், பாட்டு இருந்தா யூடியூபோட சிஸ்டமே கண்டுபிடிச்சு உரிமைக்காரங்க பேர்ல போடுறது). 22 செகண்ட் கிளிப்புக்காக வீடியோவோட மொத்த வருமானமும் கிளைம் போட்டவங்களுக்குப் போகுமாம்.

பதறிப்போய் படம் எடுத்த கம்பெனிகிட்டயே எழுதி வாங்கிடலாம்னு வடபழனிக்குப் போனேன். ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுட்டு, "படத்தோட உரிமை, நெகட்டிவ் ரைட்ஸ் எப்பவோ வித்தாச்சு தம்பி, இப்ப யாருகிட்ட இருக்கோ"ன்னு அனுப்பிட்டாங்க. இந்த அலைச்சல்லயே 8 நாள் போச்சு. கிளைம் வந்த 5 நாளுக்குள்ள டிஸ்ப்யூட் (கிளைம் தப்புன்னு ஆட்சேபம்) போட்டிருந்தா முதல் நாள்லேர்ந்து வர்ற காசை யாருக்கும் குடுக்காம நிறுத்தி வச்சிருப்பாங்க, எனக்கு அந்த 8 நாள் காசு போனது போனதுதான்.

டிஸ்ப்யூட்லயும் தப்பு பண்ணேன். "உரிமை எல்லாம் உரியவர்களுக்கே, தயவுசெஞ்சு விட்டுடுங்க"ன்னு கெஞ்சி எழுதினேன். கிளைம் போட்டவங்களுக்கு 30 நாள் டைம், 28வது நாள் ரிஜெக்ட்.

அப்பதான் தெரிஞ்ச வக்கீல் அக்காகிட்ட போனேன். "விமர்சனத்துக்குன்னா நீ ஏன்டா பர்மிஷன் கேட்டு அலையுற, 1957 காப்பிரைட் சட்டம் 52வது பிரிவைப் படி"ன்னாங்க. ஃபேர் யூஸ்ங்கிறது அமெரிக்காக்காரங்க சொல்றது, நம்ம சட்டத்துல ஃபேர் டீலிங், அதாவது விமர்சனம் மாதிரி வேலைக்கு பர்மிஷன் இல்லாமலே நியாயமா எடுத்துக்கலாம்ங்கிறது. 10 செகண்டுக்குள்ள இருந்தா பிரச்சனை இல்லன்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்படி ஒரு கணக்கு சட்டத்துல எங்கயும் இல்லங்க, நம்பாதீங்க.

அப்பீல் போடத்தான் பயம். பேரு, அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் குடுக்கணும், அவங்க ஒத்துக்காம டேக்டவுன் (வீடியோவைத் தூக்கச் சொல்ற நோட்டீஸ்) அனுப்பினா சேனலுக்கு ஸ்ட்ரைக்னு ஒரு எச்சரிக்கை, 90 நாளுக்குள்ள 3 வந்தா சேனலே போயிடும். 4 வருஷ உழைப்பு. ஒரு ராத்திரி பூரா பட்டனை அமுக்காம உக்காந்திருந்தேன்.

இந்த தடவை கெஞ்சல, கிளிப்பை செகண்ட் செகண்டா பிரிச்சு எழுதினேன். "3:12லேர்ந்து 3:20 வரை, கதாநாயகி திரும்புறதுக்கு முன்னாடியே அடுத்த சீனோட ரயில் சத்தம் வந்துடுது, என் வாய்ஸ் ஓவர் அந்த எடிட்டிங் கட்-ஐத்தான் அலசுது, படத்தைப் பாக்குறதுக்குப் பதிலா யாரும் இதைப் பாக்கப் போறதில்ல"ன்னு. அவங்களுக்கு 7 நாள் டைம், 5வது நாளே கிளைமை எடுத்துட்டாங்க! நடுராத்திரில அம்மாவை எழுப்பி மெயிலைக் காட்டினேன்.

இன்னொண்ணு, பிஜிஎம்முக்கு ஆடியோ கம்பெனி தனியா கிளைம் போடும். இசையைப் பத்திப் பேசலன்னா அந்த இடத்துல மியூட் பண்ணிடுங்க. நான் பண்ணல, என்னோட இன்னொரு வீடியோல அந்த கிளைம் இன்னும் நிக்குது, இன்னைக்கு 11வது நாள்.